பிரிட்டனின் முதல் வண்ணப்படம் எது, அந்த முயற்சி ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி கேட்டவர் மூன்று தகவல்களை அருகருகே வைத்துப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். உலகின் முதல் வண்ணப்படத்தை எடுத்தவர் லண்டனைச் சேர்ந்த எட்வர்ட் ரேமண்ட் டர்னர் என்று 2012-இல் செய்தி வந்தது. 1908-இல் காட்டப்பட்ட கினிமாகலர் என்ற பிரிட்டிஷ் வண்ண முறையே முதல் என்கின்றன பழைய திரைப்பட வரலாறுகள். வண்ணம் என்றாலே டெக்னிகலர் என்ற அமெரிக்க முறைதான் என்று 1930-களிலிருந்து கதையைத் தொடங்குவோரும் உண்டு. இவற்றில் எது சரி, இவ்வளவு முன்னதாகத் தொடங்கிய பிரிட்டன் பிற்காலத்தில் அமெரிக்க நிறுவனத்தின் கேமராவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பதே அவர் கேட்பது. இம்மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நிறத்தைப் பதிவு செய்தது ஒருவர், அதைக் காசு கொடுத்து வந்தவர்களுக்குத் திரையில் காட்டியது இன்னொருவர், எந்த ஊர்த் தியேட்டரிலும் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டக்கூடிய பிரதியாக மாற்றியது வேறொருவர். பிரிட்டன் முதல் இரண்டையும் முன்னதாகவே செய்துவிட்டு மூன்றாவதில் தவறவிட்டது. ஏன் தவறவிட்டது என்பதற்கான காரணம் பெரும்பாலும் கேமராவில் இல்லை, புரொஜெக்டரில் இருக்கிறது.

நான் ஒளிப்பதிவு பயின்று, பிறகு நெடுங்காலம் சென்னையில் ஃபிலிம் லேபில் கிரேடிங் பிரிவில், அதாவது பிரதியின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் பிரிவில், வேலை பார்த்தவன். ஆகவே நிறப்பிரிப்பு, பிரதியெடுப்பு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். காப்புரிமை வழக்கின் சட்ட நுணுக்கங்களில் நான் வெறும் வாசகன் மட்டுமே. கினிமாகலர் படத்தை அதற்குரிய புரொஜெக்டரில் ஓட்டி நான் பார்த்ததில்லை. எண்ணிமப் பிரதிகளையே பார்த்திருக்கிறேன். இந்த வித்தியாசம் சாதாரணமானது அன்று என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒரு விலக்கு. கையால் வண்ணம் தீட்டிய படங்கள் 1890-களிலேயே இருந்தன. எடிசன் நிறுவனத்தின் நடனப் படங்களில் பெண்ணின் ஆடைக்குக் கட்டம் கட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக)த் தூரிகையால் வண்ணம் பூசியிருக்கிறார்கள். பாரிஸில் பாத்தே நிறுவனம் அச்சுத்தகடு வெட்டி அதே வேலையை இயந்திரத்தால் செய்தது. அழகான வேலைதான், ஆனால் அங்கே நிறத்தைத் தீர்மானித்தவர் தூரிகை பிடித்தவர். எதிரே இருந்த பொருளின் நிறத்தை லென்ஸே பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை வைத்தால்தான் நமது கேள்விக்குப் பொருள் இருக்கும்.

அந்த நிபந்தனைக்கான அடிப்படை 1861-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நிகழ்த்திக் காட்டிய சோதனை. ஒரு கட்டம் போட்ட நாடாவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, அவற்றை அதே நிற ஒளியில் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். நிறம் மீண்டும் தோன்றியது. உண்மையில் அக்காலத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. அந்த நாடாவின் சிவப்புச் சாயம் புற ஊதா ஒளியையும் சேர்த்துப் பிரதிபலித்ததால்தான் சோதனை வென்றது என்று நூறாண்டு கழித்துக் கண்டறிந்தார்கள். கோட்பாடு சரியாக இருந்தது. ரசாயனம் அதற்கு இன்னும் வந்து சேரவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, படத்தகட்டில் நிறமே இல்லை என்பது. அது வெறும் கறுப்பு வெள்ளைப் பதிவு. நிறம் திரையில் ஒளி கலக்கும் இடத்தில்தான் பிறக்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளின் வெற்றியும் தோல்வியும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கின்றன.

டர்னர் இளம் வயதில், வண்ண ஒளிப்பட ஆராய்ச்சியாளரான ஃபிரெடரிக் ஐவ்ஸின் லண்டன் பட்டறையில் வேலை பார்த்தவர். 1899 மார்ச்சில், பண உதவி செய்த ஃபிரெடரிக் மார்ஷல் லீயுடன் சேர்ந்து காப்புரிமை பெற்றார். லீ விலகிய பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் சார்லஸ் அர்பன். அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து படத்தொழிலில் காலூன்றிய வணிகர். பிரைட்டனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டார்லிங் கேமராவைச் செய்து கொடுத்தார். கேமராவில் சுழலும் வடிகட்டிச் சக்கரம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி வர, விநாடிக்கு ஏறத்தாழ 48 கட்டங்கள் என்ற வேகத்தில் படச்சுருள் ஓடியது. மூன்று கட்டங்கள் சேர்ந்தால்தான் ஒரு முழு நிறப்படம் என்பதால் இந்த வேகம் தேவைப்பட்டது. மௌனப்படத்தின் வழக்கமான 16-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள். டர்னரின் பிள்ளைகள் மூவர் மேசையருகே, முன்னால் தங்கமீன் தொட்டி, தண்டில் உட்கார்ந்திருக்கும் வண்ணக் கிளி, ஊஞ்சலாடும் சிறுமி. இப்படிச் சில துண்டுகள் எஞ்சியிருக்கின்றன.

படமெடுப்பது வரை சரிதான். காட்டுவதில்தான் சிக்கல். புரொஜெக்டரில் மூன்று லென்ஸ்கள். அடுத்தடுத்த மூன்று கட்டங்கள் ஒரே நேரத்தில் ஒளிபட்டு, அததற்குரிய நிறத்தில் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாக விழ வேண்டும். படச்சுருளின் துளையில் முடியளவு பிசகு இருந்தாலும் திரையில் அது விரற்கடையாக விரியும். சிவகாசியில் அச்சான பழைய காலண்டரில் ஒரு நிறம் மட்டும் விலகி, அம்மன் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகத்தின் ஓரம் தெரியுமே, அதுதான் இங்கும் நடந்தது; ஆனால் காலண்டரில் ஒருமுறை நேர்ந்த பிழை அப்படியே நிற்கும், இங்கே அது விநாடிதோறும் பல முறை வெவ்வேறு திசையில் ஆடியது. டர்னர் 1903 மார்ச்சில், முப்பது வயது நிறைவதற்கு முன்பே, மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருடைய படம் பொதுமக்கள் முன்னால் ஒழுங்காகக் காட்டப்பட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. அர்பனின் சேகரிப்போடு அந்தச் சுருள்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய், பிறகு பிராட்ஃபோர்டில் உள்ள ஊடக அருங்காட்சியகத்தில் கிடந்தன. 38 மி.மீ. அகலமும் வழக்கத்துக்கு மாறான துளைகளும் கொண்ட அவற்றை எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாததால், கட்டம் கட்டமாக எண்ணிமமாக்கி, கணினியில் மூன்று பதிவுகளையும் பொருத்தினார்கள். 2012 செப்டம்பரில் உலகம் பார்த்தது அதைத்தான்.

ஆகவே இதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரிக்க வேண்டும். இயற்கை நிறத்தைப் பதிவு செய்த, இன்று கைவசம் உள்ள படச்சுருள்களில் இவையே மிகப் பழையவை என்பது உறுதி. டர்னரின் மரணம் ஒரு பக்கமும் பிள்ளைகளின் வயது மறுபக்கமும் எல்லை வகுப்பதால் அவை 1901-02 காலத்தவை என்ற கணிப்பும் வலுவானது. ஆனால் நாம் இன்று பார்க்கும் அந்தத் தெளிவான படத்தை டர்னர் திரையில் பார்த்தார் என்று சொல்ல இடமில்லை. கேமரா பதிவு செய்ததைக் காட்டும் கருவி ஒரு நூற்றாண்டு தாமதமாக வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அர்பன் விடவில்லை. வேலையை ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித்திடம் கொடுத்தார். பிரைட்டனுக்கு அடுத்த ஹோவ் நகரில் படமெடுத்தவர் ஸ்மித். அதற்கு முன் மேடையில் மனவசியம் காட்டியவர், மாய விளக்குக் காட்சி நடத்தியவர். பார்வையாளரின் கண் எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது என்பது அத்தகைய ஆளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று நிறத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு 1906-இல் அவர் எடுத்த முடிவு எளியது: நீலத்தை விட்டுவிடலாம். செம்மஞ்சள் சார்ந்த சிவப்பு ஒன்று, நீலம் கலந்த பச்சை ஒன்று, இரண்டு மட்டும். விநாடிக்கு 32 கட்டங்கள் போதும். மூன்று லென்ஸும் வேண்டாம், ஒன்றே போதும். கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணே செய்துகொள்ளும். சிவப்பைக் காணாத சாதாரணப் படச்சுருளைச் சாயக் கரைசலில் நனைத்துச் சிவப்பையும் உணர வைத்ததும் இந்த முறையின் முக்கியப் பகுதி.

1908 மே மாதம் லண்டன் வார்டர் தெருவில் அர்பனின் கட்டடத்தில் இதைக் காட்டினார்கள். 1909 பிப்ரவரியில் பேலஸ் தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். கினிமாகலர் என்ற பெயர் அப்போது வந்தது. வணிக முறையில் வென்ற, பார்வையாளர்கள் உண்மையில் பார்த்த முதல் இயற்கை வண்ண முறை இதுதான் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. இரண்டே நிறத்தில் எப்படி ஒப்பேற்றினார்கள் என்று கேட்கலாம். மனிதத் தோல், செங்கல், புல், மரம், ராணுவச் சிவப்புச் சட்டை ஆகியவை எல்லாம் இந்த இரண்டுக்குள்ளேயே ஏறத்தாழ அடங்கிவிடும். நீலக் கடலும் ஊதாப் பூவும் மட்டுமே மாட்டிக்கொள்ளும். லேபில் கிரேடிங் செய்யும் எவருக்கும் இது தெரியும்: முகத்தின் நிறம் சரியாக வந்துவிட்டால் வானம் கொஞ்சம் சாயம் போனாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் இந்த முறையில் இரண்டு பிறவிக் குறைகள் இருந்தன. சிவப்புப் பதிவும் பச்சைப் பதிவும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. இடையே 1/32 விநாடி இருக்கிறது. திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு விநாடியில் ஒருவர் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் 64 கட்டங்கள் ஓடும். 20 அடித் திரையில் கணக்கிட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் ஏறத்தாழ நான்கு அங்குலம் நகர்ந்திருப்பார். அதாவது அவருடைய சிவப்பு உருவமும் பச்சை உருவமும் நான்கு அங்குலம் விலகி விழும். முன்னால் ஒரு நிற ஓரம், பின்னால் இன்னொரு நிற ஓரம். மெதுவாக நகர்வதைத்தான் கினிமாகலர் தாங்கும். இரண்டாவது குறை ஆபரேட்டர் சம்பந்தப்பட்டது. படச்சுருளைப் புரொஜெக்டரின் ஒளிவாயிலில் ஏற்றும்போது சிவப்புக் கட்டத்துக்கு எதிரே பச்சை வடிகட்டி வந்துவிட்டால் புல் சிவக்கும், சிப்பாயின் சட்டை பச்சையாகும். வடிகட்டிகள் பாதிக்கு மேல் ஒளியை விழுங்கிவிடுவதால் ஆர்க் விளக்குக்கு அதிக மின்சாரம் வேண்டும். இரட்டை வேகம் என்பதால் ஃபிலிம் செலவும் இரட்டை, தேய்மானமும் கூடுதல். தனி புரொஜெக்டர், பயிற்சி பெற்ற ஆள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு தியேட்டரும் தன் சொந்தச் செலவில் நிறத்தைத் தயாரிக்க வேண்டியிருந்தது என்பது புரியும்.

அர்பன் இதை நன்றாக உணர்ந்தவர் என்றே தோன்றுகிறது. கினிமாகலரைச் சாதாரணத் தியேட்டர்களோடு போட்டியிட விடாமல், தனிப்பட்ட உயர்தர நிகழ்ச்சியாக மாற்றினார். 1911-இல் லண்டன் ஸ்காலா தியேட்டரை எடுத்து அதையே தலைமையிடமாக்கினார். அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜின் தர்பார் நடந்தது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்ட அதே தர்பார்தான். மற்ற நிறுவனங்களின் கறுப்பு வெள்ளைச் செய்திப்படங்கள் முந்திக்கொண்டு லண்டன் திரைகளை எட்டிவிட, அர்பனின் படம் 1912 பிப்ரவரி 2-ஆம் நாள்தான் ஸ்காலாவில் தொடங்கியது. இரண்டரை மணி நேரம், இசைக்குழு, தாஜ்மகால் போன்ற மேடை அமைப்பு. பிந்தி வந்தும் அதுதான் பெருங்கூட்டத்தை இழுத்தது. மே மாதம் அரசரும் அரசியும் வந்து பார்த்தார்கள். இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. தர்பாரைப் போல கினிமாகலருக்குப் பொருத்தமான பொருள் வேறு கிடைத்திருக்காது: வெயில் தாராளம், ஊர்வலம் மெதுவாக நகரும், சிவப்புச் சீருடையும் பொன்னிறக் குடையும் நிறைந்திருக்கும், நீலத்தின் குறை உறுத்தாது. போட்டியாளர்கள் படச்சுருளை அழித்துவிடுவார்கள் என்று அஞ்சி, டெல்லி முகாமில் கூடாரத் தரையடியில் மணலில் புதைத்துப் பாதுகாத்ததாக அர்பன் பின்னாளில் எழுதினார். சுவையான கதை, ஆனால் விளம்பரத்தில் தேர்ந்த ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது, ஆகவே அந்த அளவிலேயே அதை வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பெரும்படத்தில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. படை அணிவகுப்புப் பகுதி ஒன்று மட்டும் 2000-இல் ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் ஆவணக் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டது.

வீழ்ச்சி நீதிமன்றத்தில் வந்தது. பிரைட்டனிலேயே வில்லியம் ஃபிரீஸ்-கிரீன் என்பவர் பயோகலர் என்ற போட்டி முறையை வைத்திருந்தார். அதில் வடிகட்டிச் சக்கரம் புரொஜெக்டரில் இல்லை. படப்பிரதியிலேயே ஒன்றுவிட்டு ஒரு கட்டத்துக்குச் சிவப்பும் பச்சையும் சாயமேற்றப்பட்டிருந்தன. அர்பன் தரப்பு அவரைத் தடுக்க முனைந்ததும், கார்ப் பந்தய வீரர் எஸ். எஃப். எட்ஜின் பண பலத்தோடு ஸ்மித்தின் காப்புரிமையையே ரத்து செய்யக் கோரி எதிர்த்தரப்பு வழக்குத் தொடுத்தது. 1913 டிசம்பரில் முதல் தீர்ப்பு ஸ்மித்துக்குச் சாதகம். 1914-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது; 1915-இல் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவையும் அதை உறுதி செய்தது. காரணம் நீலம். காப்புரிமை ஆவணம் இயற்கை நிறங்களைத் தருவதாக உரிமை கோரியது. நீலத்தை இந்த முறையால் தர இயலாது என்பது வெளிப்படையாகிவிட்ட பின் அந்தக் கோரிக்கை நிற்கவில்லை. ஸ்மித் எந்தச் சமரசத்தால் வென்றாரோ, அதையே சான்றாகக் காட்டி அவரை வீழ்த்தினார்கள். அர்பனின் நிறுவனம் 1914-இலேயே கலைக்கப்பட்டது. ஆனால் அந்த வழக்கு இல்லாவிட்டால் கினிமாகலர் பிழைத்திருக்கும் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கு போனதும் முறை பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தியிருக்கலாம். பெரிய அளவில் யாரும் பயன்படுத்தவில்லை என்பதே அதன் செலவையும் சுமையையும் காட்டுகிறது.

ஃபிரீஸ்-கிரீனைப் பற்றி ஒரு சொல். ஹைகேட் இடுகாட்டில் உள்ள அவருடைய கல்லறை சினிமாவையே கண்டுபிடித்தவர் என்று அவரைப் போற்றுகிறது. 1951-இல் அவருடைய வாழ்க்கையைப் படமாகவும் எடுத்தார்கள். அந்தப் பெருமைகளில் பெரும்பாலானவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளுவதும் நியாயமன்று; சாயத்தைப் பிரதியிலேயே ஏற்ற வேண்டும் என்ற அவருடைய உள்ளுணர்வு சரியான திசையில்தான் இருந்தது. அவருடைய மகன் கிளாட் 1924-இல் அதைச் சற்றுத் திருத்தி, பிரிட்டனின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை காரில் சென்று ஒரு பயணப்படம் எடுத்தார். கட்டங்கள் மாறி மாறி வருவதால் சிமிட்டலும் நிற ஓரமும் அவரையும் விடவில்லை.

அமெரிக்காவில் டெக்னிகலர் நிறுவனமும் இதே குழியில்தான் முதலில் விழுந்தது. 1917-இல் அவர்கள் காட்டிய முதல் படம் சிறப்பு புரொஜெக்டர் கேட்கும் இரு நிறப் படம், தோற்றது. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்டது சரியான பாடம்: தியேட்டரைத் தொடாதே, நிறத்தை லேபிலேயே பிரதிக்குள் வைத்து அனுப்பு. 1922-இல் பிரதியிலேயே சாயம், 1928-இல் அச்சு முறைச் சாயமேற்றம், 1932-இல் மூன்று நிறக் கேமரா என்று அவர்கள் படிப்படியாக ஏறினார்கள். அந்தக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு முப்பட்டகம் ஒளியைப் பிரித்து மூன்று நெகட்டிவ்களில் ஒரே கணத்தில் பதிவு செய்தது. ஆகவே நான்கு அங்குல ஓரம் என்ற பேச்சே இல்லை. டர்னரின் மூன்று நிறம், ஸ்மித்தின் ஒற்றை லென்ஸ், ஃபிரீஸ்-கிரீனின் சாயமிட்ட பிரதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தன என்று நமக்குப் பின்னோக்கிப் பார்க்கும்போது தோன்றுகிறது. டெக்னிகலர் இவர்களிடமிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டது என்று அதைப் படித்துவிடக் கூடாது. அதன் வளர்ச்சி பெரும்பாலும் அதன் சொந்த ஆய்வகத்தில் நடந்தது.

பிரிட்டனிலும் 1930-களில் முயற்சி நிற்கவில்லை. டூஃபேகலர் என்ற முறையில் ஃபிலிமின் மீதே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நிறக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. சாதாரண கேமராவும் சாதாரண புரொஜெக்டரும் போதும். ஆனால் அந்தக் கட்டங்கள் ஒளியை விழுங்கிப் படத்தை மங்கலாக்கின. குறும்படங்களுக்கும் விளம்பரத்துக்கும் பயன்பட்டது; முழுநீளக் கதைப்படம் என்று 1939-இல் ஒன்று வந்ததோடு சரி. இதற்கிடையில் டெக்னிகலர் லண்டனுக்கு மேற்கே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் லேப் திறந்தது. 1937-இல் வெளிவந்த விங்ஸ் ஆஃப் தி மார்னிங் பிரிட்டனின் முதல் மூன்று நிற டெக்னிகலர் கதைப்படம். கேமராவை விலைக்குத் தரமாட்டார்கள். தங்கள் தொழில்நுட்பக்காரரோடும் நிற ஆலோசகரோடும் சேர்த்து வாடகைக்குத்தான் தருவார்கள். அந்தப் படத்தில் கேமராவை இயக்கிய ஜாக் கார்டிஃப், ஏறத்தாழ பத்தாண்டு கழித்து, பைன்வுட் ஸ்டுடியோவிலேயே இமயமலையை உருவாக்கிக் காட்டிய பிளாக் நார்சிஸஸ் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். இயந்திரம் அமெரிக்காவுடையது, அதை வைத்து ஓவியம் போல ஒளியமைக்கும் கண் பிரிட்டனுடையது. கேள்வி கேட்டவர் சொல்லும் பின்தங்கலை இந்த அளவோடு எடுத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் இந்தப் படங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, முன்னே சொன்ன அந்த வித்தியாசம் பற்றி ஓர் எச்சரிக்கை. டர்னரின் துண்டுகளானாலும் கினிமாகலர் மீட்புகளானாலும், நிறப் பதிவுகளைக் கணினியில் பொருத்திய பிறகே நமக்குக் காட்டுகிறார்கள். மிதமான ஆர்க் ஒளியில், மெல்லிய சிமிட்டலோடு, கண்ணில் மட்டும் கலந்து நின்ற நிறம் இதைவிட மங்கலாகவும் அமைதியற்றும் இருந்திருக்கும்; நீண்ட நேரம் பார்த்தால் கண் வலித்தது என்ற புகார் அந்தக் காலத்திலேயே உண்டு. மீட்பு எந்த அளவுக்குச் செய்யப்பட்டிருக்கிறது என்று அறிய, வீசும் கைகளையும் நடக்கும் கால்களையும் பாருங்கள்: அவற்றின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிந்தால் பழைய பதிவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, எங்குமே தெரியாவிட்டால் கணினி நிறையவே வேலை செய்திருக்கிறது.